மக்கள் தொடர்புப் பயிற்சியில் மாணவர் கற்பது என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஊடகக் கற்கைகளையும் முகாமைத்துவத்தையும் பயிலும் மாணவர்கள் பலர், பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகக் கொழும்பிலுள்ள மக்கள் தொடர்பு நிறுவனங்களில் உள்ளகப் பயிற்சி பெறுகின்றனர். அதுபற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இவ்விதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன. எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட நிறுவனங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: அம்மா, ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்துள்ளேன். காலையில் சென்றதும் மும்மொழிப் பத்திரிகைகளையும் புரட்டி, வாடிக்கையாளர் நிறுவனங்களைப் பற்றி வந்த செய்திகளை வெட்டி, ஸ்கேன் செய்து, எக்செல் அட்டவணையில் பதிவதே என் வேலை. விரிவுரைகளில் கற்ற எதையும் செய்யவில்லை. இதில் நான் கற்பது என்ன?
— மூன்றாம் ஆண்டு மாணவி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் சலிப்பு எனக்கு விளங்குகிறது. ஆனாலும், பயிலுனர் ஒருவருக்குக் கொடுக்கப்படும் வேலைகளில் மிகுந்த பயன் தரக்கூடியது இதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயன் வெட்டுவதில் இல்லை, வெட்டுமுன் வாசிப்பதில் இருக்கிறது. உங்கள் நிறுவனம் அனுப்பிய ஊடக அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி, அச்சில் வந்த செய்திக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அறிக்கையின் முதற்பந்தியில் தலைவரின் பெயரும், பதவியும், அவர் பெருமகிழ்ச்சி அடைகிறார் என்ற செய்தியும் இருந்திருக்கும். செய்தியாசிரியர் அவற்றை நீக்கிவிட்டு, நான்காம் பந்தியில் ஒளிந்திருந்த ஒரு விடயத்தை, உதாரணமாக ஹட்டனில் திறக்கப்படும் புதிய கிளையில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதை, தலைப்பாக்கியிருப்பார். அவர் எதை நீக்கினார், எதை மேலே கொண்டுவந்தார், எந்த எண்ணைச் சரிபார்க்கத் தொலைபேசியில் அழைத்தார் என்பவற்றைத் தொடர்ந்து கவனித்து வந்தால், செய்தி என்பது என்ன என்று எந்த விரிவுரையும் கற்றுத்தராத அளவுக்கு உங்களுக்குத் தெரியவரும்.

ஒரே அறிக்கை எல்லாப் பத்திரிகைகளுக்கும் செல்கிறது; ஆனால் எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே விதமாக வருவதில்லை. கொழும்பில் 1930இல் தொடங்கிய வீரகேசரிக்கும், யாழ்ப்பாணத்தில் 1985இல் தொடங்கிய உதயனுக்கும், சிங்கள வாசகர்களுக்கான லங்காதீபவுக்கும் வாசகர் வேறு, அவ்வாசகரின் கவலையும் வேறு. கொழும்புப் பத்திரிகை ஒன்றின் வணிகப் பக்கத்தில் மூன்று பந்திகளாக வந்தது, வடக்கில் பிரதேசச் செய்தியாகவும் வேறோரிடத்தில் வெறும் படவிளக்கமாகவும் வரக்கூடும். பல வேளைகளில் வராமலே போகும். வராமற்போனதை அட்டவணையில் பதியும்படி யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். நீங்களாகவே ஒரு நிரலைச் சேர்த்துப் பதியுங்கள்.

அந்த அட்டவணையில் செய்தி பிடித்த இடத்தை அளந்து, அதே அளவு விளம்பரத்துக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று ரூபாயில் கணக்கிடும் நிரல் ஒன்று இருக்குமானால், அதைப் பற்றியும் ஒரு சொல். பார்சலோனாவில் 2010இல் கூடிய தொடர்பாடல் அளவீட்டு வல்லுநர்கள் வகுத்த கோட்பாடுகளில் ஒன்று, விளம்பரப் பெறுமதி மக்கள் தொடர்பின் பெறுமதி ஆகாது என்பதாகும். ஆனாலும் வாடிக்கையாளர்கள் அந்த எண்ணைக் கேட்கிறார்கள், நிறுவனங்களும் கொடுக்கின்றன. பயிலுனராகிய நீங்கள் அதை நிரப்ப மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம். செய்தியை வாசித்த எவராவது வங்கிக்குப் போனாரா, தடுப்பூசி போட்டுக்கொண்டாரா, தம் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்பதற்கு அந்த நிரலில் விடை இல்லை. வார இறுதியில், ஒப்பிட்டுக் கண்டவற்றை அரைப்பக்கக் குறிப்பாக எழுதி உங்கள் மேற்பார்வையாளரிடம் கொடுத்துப் பாருங்கள். நல்ல மேற்பார்வையாளர் என்றால் அடுத்த அறிக்கையின் முதல் வரைவை உங்களிடம் தருவார்.

கேள்வி: என்னோடு சேர்ந்த மற்றப் பயிலுனர்கள் கூட்டங்களுக்கும் ஊடகவியலாளர் மாநாடுகளுக்கும் செல்கிறார்கள். எனக்கோ மாலை நான்கு மணிக்குப் பின் ஓர் ஆங்கில அறிக்கை வரும். அரைமணி நேரத்தில் தமிழில் தர வேண்டும் என்பார்கள். நான் மக்கள் தொடர்பு பயில வந்தவனா, மொழிபெயர்க்க வந்தவனா?
— இறுதியாண்டு மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: இதே முறைப்பாட்டைக் கொழும்பில் பயிற்சி பெறும் தமிழ் மாணவர் பலரிடம் கேட்டிருக்கிறேன். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியது என்பது உண்மைதான். ஆனால் கொழும்பின் தனியார் நிறுவனங்களில் அறிக்கை ஆங்கிலத்தில் பிறந்து, வாடிக்கையாளரின் அங்கீகாரத்தையும் ஆங்கிலத்திலேயே பெற்று, பின்னர் சிங்களத்துக்குச் சென்று, கடைசியாகவே தமிழுக்கு வந்துசேர்கிறது. தமிழ்ப் பத்திரிகையின் பக்கம் முடியும் நேரத்தில் அறிக்கை அங்கு போய்ச் சேர்ந்தால், அது வெளிவராததற்குப் பத்திரிகையைக் குறைகூற முடியாது. இது நிறுவனத்தின் ஒழுங்கில் உள்ள குறை. உங்கள் குறை அல்ல.

ஆயினும், அந்த அரைமணி நேரத்தில் நீங்கள் மற்றவர்கள் பெறாத ஒன்றைப் பெறுகிறீர்கள். அறிக்கையை எழுதியவரும் அதை அங்கீகரித்த முகாமையாளரும் வாசிக்காத அளவுக்கு ஊன்றி வாசிப்பவர் நீங்கள் ஒருவரே. 'தெரிவுசெய்யப்பட்ட மாவட்டங்களில்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அங்கே கண் நழுவிப் போய்விடும். தமிழில் எழுதும்போது, வவுனியாவிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து வாசிப்பவர் 'எங்கள் மாவட்டம் அதில் உண்டா?' என்று கேட்பாரே என்ற எண்ணம் எழுந்தாக வேண்டும். சிறு முயற்சியாளருக்கான கடன் திட்டம் ஒன்றை ஒரு வங்கி அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பப் படிவம் தமிழில் கிடைக்குமா, கொடுக்கப்பட்ட தொலைபேசி எண்ணை அழைத்தால் தமிழில் பேச ஆள் இருக்கிறாரா, பிணையாளர் அரச ஊழியராகத்தான் இருக்க வேண்டுமா என்பவை எதுவும் அறிக்கையில் இல்லாமல் இருக்கலாம். இவற்றை எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்புங்கள். அவர் வாடிக்கையாளரைக் கேட்பார். தமிழில் படிவமே இல்லை என்று அப்போதுதான் வங்கிக்குத் தெரியவரலாம்.

அமெரிக்க அறிஞர்களான ஜேம்ஸ் குரூனிக்கும் டொட் ஹன்ட்டும் 1984இல் மக்கள் தொடர்பை நான்கு மாதிரிகளாக வகுத்ததைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நிறுவனம் மக்களிடம் பேசுவதோடு நில்லாமல், மக்களிடமிருந்து வருவதைக் கேட்டுத் தன்னையும் மாற்றிக்கொள்வதே அவற்றுள் நான்காவது. பரீட்சைக்காக அதை மனனம் செய்யும் மாணவர் பலருக்கு, அது நடைமுறையில் எங்கே நிகழ்கிறது என்று காணும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. படிவம் பற்றிய உங்கள் கேள்வி வாடிக்கையாளரின் மேசைக்குப் போகும்போது அது நிகழ்கிறது. ஆகவே, 'மொழிபெயர்ப்பு வேண்டாம்' என்று கேட்காதீர்கள். 'வாடிக்கையாளரைச் சந்திக்கும் முதற்கூட்டத்திலேயே என்னையும் இருக்க விடுங்கள். தரவுகளைத் தந்தால் தமிழ் அறிக்கையை நேரடியாகத் தமிழிலேயே எழுதுகிறேன்' என்று கேளுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள்: மலையகத்திலும், கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலும், வடக்கிலும், கொழும்பிலும் தமிழில் வாசிப்பவர்களின் தேவைகள் ஒன்றல்ல, அந்த வேறுபாட்டை நான்கு மணிக்குப் பின் வரும் பிரதியில் ஒருவராலும் புகுத்த முடியாது. இவ்வாறு கேட்டும் மறுக்கப்பட்டால், அந்த மறுப்பை உங்கள் பயிற்சி அறிக்கையில் தயங்காமல் எழுதுங்கள். துறைத் தலைவர்கள் அதை அறிந்துகொள்வது அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு உதவும்.

கேள்வி: என் மகள் பயிற்சிக்குச் செல்கிறாள். சம்பளம் இல்லை. ஹோட்டல்களில் நடக்கும் நிகழ்வுகள் முடிய இரவாகிறது. இது முறையா?
— தாய் ஒருவர், தெஹிவளை

பதில்: முழுநாளும் வேலை வாங்கிக்கொண்டு பயணச் செலவைக்கூடக் கொடுக்காதிருப்பதை நான் முறையென்று சொல்லமாட்டேன். அனுபவம் கிடைக்கிறதல்லவா என்பது நிறுவனங்கள் வழமையாகச் சொல்லும் பதில். பயன் இருபக்கமும் கிடைக்கிறது. பயிலுனர் எழுதிய அறிக்கைக்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கப்படுகிறது. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ வீடு உள்ளவர் இதை எப்படியோ சமாளிப்பார். வாடகை அறையில் தங்கிப் பயிலும் மன்னார், பதுளை மாணவருக்கு அது முடிவதில்லை. இதனால் இத்துறையில் நுழைகிறவர்கள் யார் என்பதே மாறிவிடுகிறது. பயிற்சி தொடங்குமுன் காலம், வேலைநேரம், கொடுப்பனவு, மேற்பார்வையாளர் யார் என்பவற்றைக் கடிதத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். இரவு நிகழ்வு என்றால் வீடுவரை வாகனம் அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு என்பதும் அக்கடிதத்தில் இருக்கட்டும். உங்கள் மகள் இப்போதும் கேட்கலாம். கேட்டதற்காகப் பயிற்சியை நிறுத்தும் நிறுவனத்தில் கற்பதற்கு அதிகமில்லை.

கேள்வி: ஒரு வாடிக்கையாளரின் பேஸ்புக் பக்கத்தில், பொருளை வாங்கிப் பயன்பெற்றவன்போல வேறு பெயர்களில் கருத்துகளை எழுதச் சொல்கிறார்கள். எல்லா இடத்திலும் நடப்பதுதான் என்கிறார்கள். பயிலுனர் எப்படி மறுப்பது?
— மட்டக்களப்பு மாணவர், தற்போது கொழும்பில்

பதில்: எழுத வேண்டாம். எல்லா இடத்திலும் நடக்கிறது என்பது உண்மையாக இருந்தாலும் அது பதிலாகாது.

இத்துறையின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. அமெரிக்காவில் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீ 1906இல் பத்திரிகைகளுக்கு அனுப்பிய கொள்கை விளக்கத்தில், தமது அலுவலகம் இரகசியமாக இயங்குவதன்று, தம் வேலை முழுவதும் வெளிப்படையாகவே நடக்கும், யாருக்காகப் பேசுகிறோம் என்பதை மறைக்கமாட்டோம் என்ற பொருளில் எழுதினார். (அதே லீ 1930களில் ஜேர்மன் இரசாயன நிறுவனம் ஒன்றுக்கு ஆலோசகராக இருந்ததற்காக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கு உள்ளானார். கொள்கை எழுதியவர் அனைவரும் அதன்படி நடந்தவர்கள் அல்லர்.) அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் உள்ள தொழில்சார் சங்கங்களின் ஒழுக்கக்கோவைகளும் இத்தகைய ஏமாற்றை ஏற்பதில்லை. விளம்பரத்தைக் கண்டவருக்கு அது விளம்பரம் என்று தெரியும்; பொய்ப்பெயரில் எழுதப்பட்ட பாராட்டைக் கண்டவருக்கு அது தெரியாது. அங்கேதான் தீங்கு.

மறுப்பதற்கு வாதம் செய்ய வேண்டியதில்லை. 'பல்கலைக்கழகத்துக்கு நான் செய்த வேலைகள் அனைத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும்; இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை' என்று மேற்பார்வையாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பணி சத்தமின்றி வேறெங்கோ போய்விடும். அது முழுமையான தீர்வு அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் பயிலுனரின் கையில் உள்ள அளவு அதுதான். அத்தோடு ஒரு மாற்றையும் முன்வையுங்கள்: உண்மையாக வாங்கியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் சொல்லும் குறைநிறைகளைத் தொகுத்துத் தரலாம். அதில் வரும் குறைகள் வாடிக்கையாளருக்கு இனிக்காமல் இருக்கலாம். பயன் அதில்தான் அதிகம்.

கேள்வி: வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றில் திடீரென ஒரு பிரச்சினை. அலுவலகமே பரபரப்பாக இருந்தது. எங்களை 'ஒன்றும் பேசாதீர்கள்' என்று ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். நெருக்கடி முகாமைத்துவம் கற்க வேண்டிய நேரத்தில் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தேன்.
— மாணவி, கொள்ளுப்பிட்டி

பதில்: பேசாதீர்கள் என்றது சரி. மூலையில் உட்கார வைத்ததுதான் வீண்.

நெருக்கடியில் பயிலுனர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை குறிப்பெடுப்பது. எத்தனை மணிக்கு முதல் அழைப்பு வந்தது, எந்த ஊடகத்திலிருந்து யார் என்ன கேட்டார், அவருக்கு யார் எப்போது பதில் தந்தார், பதிலின் எந்தப் பகுதி பின்னர் மாறியது என்பதை நேரத்தோடு எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும். மூத்தவர்கள் அனைவரும் தொலைபேசியில் இருக்கும்போது அந்த ஏடு இல்லாமல் போனால், மாலையில் எந்த ஊடகத்துக்கு எந்த எண்ணிக்கை சொல்லப்பட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்த முறை இந்த வேலையை நீங்களாகக் கேட்டுப் பெறுங்கள். ஒரு நாள் அந்த ஏட்டை எழுதியவர், முதல் மணித்தியாலத்தில் உறுதியாகத் தெரிந்தவை எவ்வளவு குறைவு என்பதையும், தெரியாததை ஊகித்துச் சொல்லும் ஆசை எவ்வளவு பெரிது என்பதையும் நேரில் காண்பார்.

பாடநூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் சம்பவம் 1982இல் நடந்தது. சிகாகோ பகுதியில் சயனைட் கலக்கப்பட்டிருந்த டைலனோல் என்ற வலிநிவாரணி மாத்திரைகளை உட்கொண்டு 7 பேர் இறந்தனர். நஞ்சு தொழிற்சாலையில் கலக்கவில்லை, கடைகளில் யாரோ கலந்திருக்கிறார்கள் என்று கருதப்பட்ட நிலையிலும், அவற்றை விற்ற ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் சுமார் 3 கோடியே 10 இலட்சம் போத்தல்களை நாடு முழுவதிலிருந்தும் மீளப் பெற்றது. பின்னர், திறக்கப்பட்டால் தெரியும்படியான பொதிகளில் டைலனோலை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாணவர்கள் இதை நல்ல அறிக்கைகளின் வெற்றியாக எழுதுவதைப் பார்க்கிறேன். அது நல்ல முடிவின் வெற்றி. மீளப் பெறாமல் அறிக்கை மட்டும் விட்டிருந்தால் எந்த நடையழகும் அந்நிறுவனத்தைக் காப்பாற்றியிராது.

நம் கண்முன் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றியபோது, கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது; பிளாஸ்டிக் சிறுமணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின; பாணந்துறை முதல் நீர்கொழும்பு வரை மீன்பிடி தடைசெய்யப்பட்டது. அப்போது வீடுகளில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: மீன் சாப்பிடலாமா? மீனவர் வீட்டில் இன்னொன்று: நாளைக்குக் கடலுக்குப் போகலாமா, இல்லையென்றால் எங்கள் வருமானத்துக்கு என்ன வழி? நெருக்கடி அறிக்கை எழுதும் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அன்றைய பத்திரிகைகளை நூலகத்தில் எடுத்து, இவ்விரு கேள்விகளுக்கும் எந்த நாளில், யாரால், எந்த மொழியில் பதில் தரப்பட்டது என்று தேடிப் பாருங்கள். பயிற்சி அறிக்கைக்கு ஓர் அத்தியாயமே கிடைக்கும்.

கேள்வி: தனியார் நிறுவனத்தில் பயிற்சி பெறுவதா, அரச திணைக்களத்தின் ஊடகப் பிரிவிலா?
— இரண்டாம் ஆண்டு மாணவர், மருதானை

பதில்: வேகம் கற்கத் தனியார் நிறுவனம், பொறுப்புக்கூறல் கற்க அரச திணைக்களம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அரச நிறுவனங்கள் தகவல் அலுவலர்களை நியமிக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்தால், தகவலை வழங்குவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தாங்கள் சொல்ல விரும்பியதை மட்டும் சொல்லிப் பழகியவர்களுக்கு, கேட்டதற்குப் பதில் சொல்லும் கட்டாயம் வேறொரு பயிற்சி.

கேள்வி: பயிற்சி முடிகிறது. நான் செய்தவற்றைக் கோவையாக்கி வேலைதேடும்போது காட்டலாமா? ஊடகவியலாளர்களின் தொலைபேசிப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நண்பன் சொல்கிறான்.
— மாணவர், பம்பலப்பிட்டி

பதில்: அச்சில் வெளிவந்தவற்றைத் தாராளமாகக் காட்டலாம். வெளிவராத வரைவுகள், வாடிக்கையாளருக்கான உத்தித் திட்டங்கள், நெருக்கடிக் குறிப்புகள் ஆகியவை நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வெளியே போகக்கூடாது. பட்டியலைப் பொறுத்தவரை நண்பர் சொல்வது தவறு. அந்த எண்களை ஊடகவியலாளர்கள் உங்களுக்குத் தரவில்லை, நிறுவனத்துக்கே தந்தார்கள். இலங்கையில் 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென ஒரு சட்டமும் நிறைவேற்றப்பட்டுள்ளது. நீங்கள் நேரில் பேசிப் பழகிய நாலைந்து பேரிடம், 'பயிற்சி முடிந்து போகிறேன், உங்கள் எண்ணை நான் வைத்திருக்கலாமா?' என்று கேட்டு வைத்திருங்கள். முந்நூறு எண்கள் உள்ள பட்டியலைவிட அது மதிப்பு மிக்கது.

கோவையில் ஒவ்வொரு வேலைக்கும் கீழே, அதில் உங்கள் பங்கு எது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். 'வரைவு என்னுடையது, திருத்தம் மேற்பார்வையாளருடையது' என்று எழுதியவரை நேர்முகத்தில் கூடுதலாக நம்புவார்கள்.

கேள்வி: செய்தியாசிரியர்களைத் தொலைபேசியில் அழைக்கப் பயமாக இருக்கிறது. என்ன பேசுவது?
— முதற்பயிற்சி பெறும் மாணவி, கொழும்பு 13

பதில்: 'அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்ததா?' என்று மட்டும் கேட்க அழைக்காதீர்கள். அவர்கள் மிக வெறுக்கும் அழைப்பு அது. அறிக்கையில் இல்லாத ஏதாவது ஒன்றைத் தருவதற்காக அழையுங்கள்: தமிழில் பேசக்கூடிய ஓர் அதிகாரியின் நேர்காணல், அந்த மாவட்டத்துக்கான தனி எண்ணிக்கை, தெளிவான படம். நாளிதழ்களின் பக்கங்கள் முடியும் மாலை வேளையைத் தவிர்த்து முற்பகலில் அழையுங்கள். ஞாயிறு இதழின் இணைப்புப் பக்கங்கள் பெரும்பாலும் வாரத்தின் நடுப்பகுதியிலேயே நிறைந்துவிடும் என்பதால், அவற்றுக்கானதைத் திங்கள் அல்லது செவ்வாயன்றே பேசிவிடுங்கள். பெயர், நிறுவனம், எதற்காக அழைக்கிறீர்கள் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு கேள்வி கேட்டு, அதற்கு விடை தெரியாவிட்டால், 'கேட்டுச் சொல்கிறேன்' என்று கூறி, எத்தனை மணிக்குள் என்பதையும் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குள் விடை கிடைக்கவில்லை என்றாலும், கிடைக்கவில்லை என்று சொல்வதற்காகவேனும் திரும்ப அழையுங்கள்.